விற்கப்போகும் வீட்டைக் கிணற்றடியிலிருந்து ஒழுங்குபடுத்தல்

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் இருந்த எங்கள் பெரியம்மாவின் வீட்டை விற்பதென்று முடிவானபோது, அதை வாங்க வருபவர்களுக்குக் காட்டக்கூடியதாக ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையிலிருந்த பணம் முழுவதையும் நான் முன்புறத்திலேயே செலவழித்தேன். விறாந்தைக்கு நிறம் பூசுவித்து, வரவேற்பறை யன்னல்களுக்குத் திரைச்சீலை தைப்பித்து, வாசற்படியில் இரண்டு பூச்சாடிகளையும் வாங்கி வைத்தேன். முதலாவதாக வந்த குடும்பத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இருந்தார். அவர் வரவேற்பறைக்குள் வரவேயில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். "கோடையிலயும் தண்ணி நிக்குமோ தம்பி?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். "அப்ப ஒரு வாய் தாங்கோ, குடிச்சுப் பாப்பம்" என்றார். செம்பு எடுக்கக் குசினிக்குள் போன என் பின்னாலேயே வந்தவர், அடுப்பில் இருந்த கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்தார். அதன் உட்புறம் முழுவதும் வெள்ளைப் படிவு முட்டைக்கோதின் தடிப்பில் ஒட்டியிருந்தது. மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்து, தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். அவர்கள் பிறகு வரவில்லை.

அதன் பின்னர் உறவினரின் இன்னும் இரண்டு வீடுகளை விற்பதற்கு உதவியிருக்கிறேன். அந்த இரண்டிலும் வேலையைக் கிணற்றடியில் தொடங்கி, குசினி, குளியலறை, சுவர், கூரை என்று வந்து, வாசலைக் கடைசியாகத்தான் கவனித்தேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், வீடு வாங்குபவர் முதலில் வாங்குவது தண்ணீரை என்பதே இந்த ஒழுங்குக்குக் காரணம்.

கிணற்றை இறைத்துச் சேறு எடுப்பதற்குத் தண்ணீர் வற்றியிருக்கும் கோடைகாலமே வசதியானது. ஆயினும் வீட்டைக் காட்டும் வாரத்தில் இதைச் செய்யக்கூடாது. இறைத்த கிணறு சில நாட்கள் கலங்கியிருக்கும்; குளோரின் இட்டால் அதன் வாடையும் உடனே போகாது. ஆகவே குறைந்தது இரண்டு கிழமைகளுக்கு முன்னராவது முடித்துவிட வேண்டும். கிணற்றுக் கட்டில் வெடிப்பு இருந்தால் சீமெந்துச் சாந்தால் அடைத்து, உட்சுவரில் முளைத்திருக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். அவற்றின் வேர் கட்டைப் பிளக்கும் என்பது பார்க்க வருபவருக்கு நன்றாகத் தெரியும். கிணற்றடியின் பாசியைத் தேய்த்துக் கழுவி, சவர்க்காரக் கட்டை, பழைய பல்துலக்கி, கிழிந்த வாளி ஆகியவற்றை அகற்றிவிட்டு, நல்ல வாளி ஒன்றைக் கயிற்றோடு வைத்துவிடுங்கள். மோட்டர் பூட்டிய வீடாக இருந்தாலும் வாளி இருக்கட்டும். வருபவர்களில் ஒருவராவது தன் கையாலேயே அள்ளிப் பார்க்க விரும்புவார்.

தண்ணீரைப் பற்றிய கேள்விகளுக்கு வாய்ச்சொல்லைக் காட்டிலும் ஒரு தாள் பயன்படும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரியைக் கொடுத்துப் பெறும் அறிக்கையைக் கோப்பில் வைத்திருங்கள். நமது நிலம் சுண்ணக்கல் ஆகையால், அதன் வெடிப்புகளூடாக உரமும் மலக்குழிக் கழிவும் விரைவாக நிலத்தடி நீரைச் சென்றடைகின்றன. தோட்டக் காணிகளை அண்டிய வீடென்றால் நைத்திரேற்று அளவை நிச்சயம் கேட்பார்கள். குடிநீருக்கு அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. சுன்னாகம் பக்க நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விடயம் பெரிதாகப் பேசப்பட்ட பின்னர், தண்ணீரை முகர்ந்து பார்ப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்கூட்டியே நாடாவால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். "கிட்டடியில இல்லை" என்று சொல்வதற்கும் அடிக்கணக்கைச் சொல்வதற்கும் கேட்பவரின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

கேத்தலுக்கு வருகிறேன். குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தண்ணீர் கல்சியம் மிகுந்தது என்பது யாருக்கும் புதினம் அல்ல. அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியது கல்சியம் மட்டுமல்ல, அதைத் துடைக்க ஆளில்லாத வீடு என்ற எண்ணமும்தான் என்று நினைக்கிறேன். கேத்தலுக்குள் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒரு மணிநேரம் ஊறவிட்டால் படிவு கழன்றுவிடும். குளியலறைக் குழாய்களுக்கும் குளிக்கும் பூவாளிக்கும் வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ தோய்த்த துணியைச் சுற்றி அரைமணிநேரம் விட்டுப் பின்னர் தேய்த்துக் கழுவலாம். ஆனால் அந்தப் புளி சீமெந்து நிலத்திலோ மாபிளிலோ சிந்தக்கூடாது. படிவைக் கரைக்கும் அதே புளிப்பு, பளபளப்பையும் அரித்து, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகளை விட்டுவிடும். குசினியில் விறகடுப்பு இருந்தால் புகைக்கூட்டின் கரியைத் தட்டி இறக்குங்கள். அடுப்படிச் சுவருக்கு மட்டும் புதிய வெள்ளை அடித்தால் போதும், குசினி முழுவதுமே வெளிச்சமாகிவிடும். அலுமாரிக்கு மேலே அடுக்கிய ஊறுகாய்ப் போத்தல்களையும், பொலித்தீன் பைகளை அடைத்துவைத்த பையையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சுவர் விடயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்; நானும் ஒருமுறை தவறினேன். இரண்டாவதாக விற்ற வீடு குருநகர்க் கடற்கரைக்கு அண்மையில் இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, அதன் மேல் விலையுயர்ந்த இமல்ஷன் பூசுவித்தேன். கார்த்திகை மழை தொடங்கி மூன்றாம் கிழமையில் பூச்சு அப்பளம்போலப் பொருமி, வாங்குவதாகச் சொல்லியிருந்தவர் வந்த அன்று தகடு தகடாக நிலத்தில் கிடந்தது. அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை வெளிவிட வேண்டியது. அதை அடைத்துவிடும் பூச்சு அதற்கு ஆகாது. நீற்றிய சுண்ணாம்பை இரவு முழுவதும் ஊறவிட்டுத் துணியில் வடித்து, ஒரு சிட்டிகை நீலம் கலந்து, சுவரைச் சற்று நனைத்தபின் மெல்லிதாக இரண்டு அல்லது மூன்று தடவை அடிப்பதே அதற்கு உகந்தது. முதல் தடவை அடித்தது சரியாகக் காய்ந்த பின்னர்தான் அடுத்தது. எங்கிருந்து ஈரம் வருகிறதென்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் பீலி உடைந்து மழைநீர் சுவரோரம் விழுவதாகத்தான் இருக்கும். வெடிப்பையும் ஒழுக்கையும் பூச்சால் மறைத்து விற்பது அறமும் அல்ல, நம்முடைய ஊரில் அது நடக்கிற காரியமும் அல்ல, ஏனெனில் அயல்வீட்டார் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

கூரைக்கு ஏறுமுன் வளைகளிலும் சிலாகைகளிலும் கறையான் மண்கோடு இருக்கிறதா என்று பார்த்து, கத்திப்பிடியால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். வைரம் பாய்ந்த பனை கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த மரம் பொத்தென்று கேட்கும். ஓடு மாற்றும்போது ஒரு சிறு உபாயம் உண்டு. பழுப்பேறிய கூரையின் நடுவே பத்துப் புதிய ஓடுகள் சிவந்து தெரிந்தால், கூரை முழுவதும் ஒழுகியதாகவே பார்ப்பவர் நினைப்பார். பின்கூரையின் பழைய ஓடுகளைக் கழற்றி முன்கூரையைத் திருத்திவிட்டு, புதியவற்றைப் பின்பக்கத்தில் இடச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடினாலும் தோற்றம் ஒன்றுபோல இருக்கும்.

வளவைப் பொறுத்தமட்டில், மரங்களை வெட்டி வெளியாக்குவதே அழகு என்று நினைக்க வேண்டாம். காய்க்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நிற்கும் வளவு, அது இல்லாத வளவைக் காட்டிலும் விரைவில் மனதில் பதியும். கூரையில் உரசும் கிளைகளை மட்டும் தறித்து, காவோலைகளை இறக்கி, சருகை அள்ளிவிட்டால் போதுமானது. சிரட்டை, பழைய டயர், உடைந்த சாடி என்று தண்ணீர் தேங்கக்கூடிய எதையும் விட்டுவைக்காதீர்கள். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்னரே வாங்க வருபவர் அவற்றைக் கண்டுவிடுவார். இவற்றையெல்லாம் விட முக்கியமானது எல்லைக்கற்களை மண்ணும் புல்லும் நீக்கித் தெரியச்செய்வதாகும். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் விலை பேசும் ஊரில், காணி உறுதியில் எழுதிய பரப்பும் அதன் சிறு பங்கான குழியும் நிலத்தில் எங்கே முடிகின்றன என்று கையால் காட்ட முடிந்தால், பேச்சில் பாதி குறையும். கதியால் சரிந்த வேலியை நிமிர்த்திக் கட்டுவதும் இந்த வேலையோடு சேர்ந்ததே.

இனி முன்புறம். படலையோ கேற்றோ கிறீச்சிடாமல் திறக்கவேண்டும். பிணைச்சலுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். போர்க்காலத்தில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த இரும்புக் கேற்றுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை அடைத்துப் பூசுவதா, அப்படியே விடுவதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் மனதைப் பொறுத்தது. நான் விட்டுவிட்டேன், வந்தவர்களில் ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சிவப்புச் சீமெந்து நிலம் இருந்தால் அதன் மேல் மாபிள் பதிக்கும் செலவை எனக்குத் தெரிந்தவரை யாரும் விலையில் திரும்ப எடுத்ததில்லை. சிவப்புப் பொலிஷை மெல்லிதாகப் பூசி, தேங்காய்ப் பொச்சால் நன்றாகத் தேய்த்துவிட்டால் அந்த நிலமே வீட்டுக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுக்கும். தடிப்பாகப் பூசினால் வழுக்கும். முதியவர்கள் வருவார்கள் என்பதை மறக்கக்கூடாது.

அறைகளில் பொருளைக் குறைப்பதே பெரிய வேலை. நான்கு கதிரை வைக்கவேண்டிய விறாந்தையில் பத்துக் கதிரை, ஒரு தையல் இயந்திரம், ஓடாத சைக்கிள் என்று இருந்தால் விறாந்தையின் அகலம் தெரியாது. மாலை போட்ட காலஞ்சென்றோர் படங்களை மரியாதையோடு இறக்கி வேறிடத்தில் வையுங்கள். பிறர் வீட்டுத் துக்கத்தின் முன்னால் நின்று கட்டில் எங்கே போடலாம் என்று யோசிக்க ஒருவருக்கும் மனம் வராது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளிறித் தெரியும் என்பதால், வெள்ளையடிக்கும் முன்னரே இதைச் செய்யவேண்டும். சாமியறையை முற்றாக வெறுமையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்குபவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம் என்றாலும், புளியிட்டுத் துலக்கிய ஒரு குத்துவிளக்கு நிற்கும் சிறிய அறை எவரையும் உறுத்தாது.

வாங்குபவர் பெரும்பாலும் இரண்டு பேராக வருகிறார்: ஒருவர் வாசலில் நிற்கிறார், மற்றவர் வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் இருக்கிறார். இலங்கையின் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணியை உரிமை மாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. எனவே உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாட்களையும் ஒட்டி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு ஊருக்கு வருபவர்கள் அதிகமாகையால், ஆனி மாத முடிவுக்குள் வீடு ஆயத்தமாக இருப்பது நல்லது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலமும் அதுவே. காலையில் துடைத்த யன்னற்கட்டில் மாலையில் புழுதி இருக்கும், ஆகவே ஆட்கள் வரும் நாளில் இரண்டு தடவை துடையுங்கள்.

வீடியோவில் காட்டுவதற்கு மாலை ஐந்து மணி பொருத்தமானது. கோடைகாலத்தில் அப்போது ரொறன்ரோவில் காலை ஏழரை, லண்டனில் நண்பகல் பன்னிரண்டரை; இங்கே வெயில் தணிந்து முற்றத்தில் சாய்ந்த வெளிச்சம் விழும். தொலைபேசியைக் குறுக்காகப் பிடித்து, ஒழுங்கையிலிருந்து நடக்கத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் கிணறு வரை போங்கள். நிறுத்தி நிறுத்திக் காட்டினால் எதையோ தவிர்ப்பதாக நினைப்பார்கள். ஓர் அறையில் வெள்ளை மின்குமிழும் அடுத்ததில் மஞ்சளும் இருந்தால் படத்தில் சுவர் நிறம் மாறித் தெரியும். முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டைக் காட்டும் நாளில் மீன் பொரிப்பதையும் மிளகாய் வறுப்பதையும் தள்ளிப்போட்டு, காலையிலேயே எல்லா யன்னல்களையும் திறந்துவிடுங்கள். பல மாதம் பூட்டிக் கிடந்த வீடென்றால் இரண்டு நாட்களுக்கு முன்னரே திறக்கவேண்டும். நாயைக் கட்டிவையுங்கள். வீட்டில் ஓரிருவர் மட்டும் நின்றால் போதும். உறுதி, நில அளவைப் படம், சோலைவரி (உள்ளூராட்சிச் சபைக்கு வீட்டுக்காகக் கட்டும் வரி) பற்றுச்சீட்டு, தண்ணீர் அறிக்கை ஆகியவற்றின் பிரதிகள் மேசையில் ஒரு கோப்பில் இருக்கட்டும். காணி கூட்டுரிமையாக இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமை பங்காளிகளுக்கு உண்டு என்பதால், அவர்களுக்கு அறிவித்ததையும் அதே கோப்பில் வையுங்கள். தரகர் முன்னே நடந்தாலும் பின்வளவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தேநீர் கொடுப்பதாக இருந்தால், கேத்தலை அவர்கள் கண்முன்னாலேயே அடுப்பில் வையுங்கள்.