காலில் கட்டு, வெளியே ஐப்பசி மழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கட்டு அறைக்கு நனைந்த கால்கள் வரத் தொடங்கிவிடும். மாவுக்கட்டோ ஃபைபர் கட்டோ, போட்டு அனுப்பும்போது "நனைக்காதீங்க" என்று சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. அவர்களும் சரி என்றுதான் போகிறார்கள். வேண்டுமென்று யாரும் நனைப்பதில்லை. ஆனால் பை கட்டிக்கொண்டு குளித்தவருடைய கட்டும் நனைகிறது, பத்து நாளாகக் குளிக்காமலே இருந்தவருடைய கட்டும் நனைகிறது. முதல்முறை கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே இடங்களில் தவறுகிறார்கள். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் பார்த்த அதே தவறுகள்தான் இன்றும்.

கட்டோடு குளத்தில் இறங்கக் கூடாது, ஷவருக்கு அடியில் அப்படியே போய் நிற்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஃபைபர் கட்டுதானே, தண்ணி பட்டா என்ன?"

எனக்கு இன்றுவரை ஆத்திரம் வரும் தவறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாவுக்கட்டு என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி நீரை ஓட்டிய பொடியைத் துணியில் ஏற்றிச் செய்வது. 1850களில் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதெய்சன் கொண்டுவந்த முறை. அடிப்படை இன்றும் அதேதான். போட்டுச் சில நிமிடங்களில் இறுகிவிடும், ஆனால் முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ந்தபின் மறுபடி நனைந்தால் மாவு ஊறி நொறுங்கும். இது மக்களுக்குத் தெரிகிறது. அதனால் மாவுக்கட்டைப் பத்திரமாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஃபைபர் கட்டு அப்படியில்லை. கண்ணாடியிழைத் துணியில் பாலியூரித்தேன் பிசின் தடவி வரும். அந்த ஓடு நனைந்தாலும் கரையாது, இளகாது. போதாததற்கு, கட்டும்போது நாங்களே அந்த ரோலைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துதான் சுற்றுகிறோம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளி, "தண்ணியிலேயே முக்கித்தானே போட்டாங்க, அப்புறம் என்ன?" என்று நினைத்துக்கொள்கிறார். மருந்துக்கடையில் ரோல் வாங்கும்போதும் "இது வாட்டர்ப்ரூஃப் சார்" என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். விலையும் மாவுக்கட்டைவிடப் பல மடங்கு. கொடுத்த காசுக்குக் குளிக்கவாவது விடும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

தண்ணீர் தாங்குவது வெளி ஓடு மட்டும்தான். அதற்கு உள்ளே தோலை ஒட்டி ஒரு பின்னல் துணி, அதன்மேல் பஞ்சு ரோல் இரண்டு மூன்று சுற்று. இந்தப் பஞ்சு ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேல் விளிம்பு வழியாகவோ விரல் பக்கமாகவோ இறங்கிய தண்ணீர் பஞ்சில் ஏறிவிட்டால், வெளியேற வழியில்லை. காற்றும் வராது, வெயிலும் படாது. ஈரச் சாக்ஸை ஷூவோடு சேர்த்து நாள்கணக்கில் போட்டிருந்தால் பாதம் என்ன ஆகுமோ, அதுதான் உள்ளே நடக்கும். இங்கே கழற்றவும் முடியாது.

போன மழைக்காலத்தில் கணுக்கால் எலும்பு முறிந்த ஒரு கல்லூரி மாணவன் வந்தான். முழங்காலுக்குக் கீழே ஃபைபர் கட்டு. தினமும் கட்டோடு குளித்திருக்கிறான், வெளியே துண்டால் துடைத்திருக்கிறான். பார்த்தால் கட்டு புத்தம்புதிதாக இருந்தது. வாடை தாங்காமல் அவன் அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார். கட்டர் வைத்து இரண்டு பக்கமும் அறுத்து ஓட்டை விலக்கினால், பஞ்சு சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாகத் திரண்டு கிடக்கிறது. விரலால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்தது. உள்ளங்கால் தோல் வெள்ளைவெளேரென்று ஊறிச் சுருங்கியிருந்தது. குதிகால் பக்கம் பின்னல் துணியை உரித்தபோது தோலும் கூடவே வந்துவிட்டது. கீழே பச்சைப் புண்.

புண்ணின்மேல் உடனே முழுக் கட்டுப் போட முடியாது. தினமும் புண்ணைத் துடைத்து மருந்து வைத்து, எலும்புக்குச் சிலாப் மட்டும், அதாவது காலை முழுதும் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வைத்துத் துணியால் சுற்றும் அரைக் கட்டு, வைத்து அனுப்பினோம். அந்த இடைவெளியில் எலும்பு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது. கட்டோடு முடிந்திருக்க வேண்டியது, பிளேட் வைக்கும் அறுவைச் சிகிச்சையில் போய் நின்றது. அதற்கும் புண் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் கடன் வாங்கித்தான் செலவு செய்தது. இத்தனைக்கும் அந்தப் பையன் சொன்னதைக் கேட்காதவன் இல்லை. கடையில் சொன்னதைக் கேட்டான், அவ்வளவுதான். இப்போது ஃபைபர் ரோலைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுத்து, இதுதான் உள்ளே போகிறது என்று காட்டிவிடுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். உள்ளே புண் ஆழமாகப் போனாலும் வலிக்காது. வாடை வரும்வரை யாருக்கும் தெரியாது.

தண்ணீர் தங்காத சிறப்பு உள்பஞ்சு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டுக்குள் அது போட்டிருந்தால் மருத்துவரே "இதோடு குளிக்கலாம்" என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லையென்றால் உள்ளே இருப்பது சாதாரணப் பஞ்சு. ஓட்டின்மேல் நாலு துளி தெறித்ததென்றால் பயப்பட வேண்டாம், துடைத்தால் போதும். விளிம்பு வழியாக உள்ளே போகக் கூடாது.

ஒரே பை, ஒரே ரப்பர் பேண்ட்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. அங்கங்கே கிடைக்கிற மெல்லிய பை எப்படியும் இந்த வேலைக்கு ஆகாது, கால் நகம் பட்டாலே கிழியும். பெரிய குப்பைப் பையோ, புதுத் துணிமணி சுற்றி வரும் கனமான பாலிதீன் உறையோ நல்லது. மாட்டுவதற்கு முன் உள்ளே தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள்.

கட்டின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே தோலைச் சுற்றி உலர்ந்த துண்டு ஒன்று. அதை மூடி முதல் பை. அகலமான டேப்பைப் பாதி பையிலும் பாதி தோலிலும் ஒட்ட வேண்டும். அதன்மேல் இரண்டாவது பை, முதல் டேப்புக்கு மூன்று நான்கு விரற்கடை மேலே இன்னொரு டேப். வெளிப் பையைத் தாண்டி ஏதாவது கசிந்தால் உள்ளே இருக்கும் துண்டு குடித்துக்கொள்ளும். ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டுவது வேண்டாம். தளர்வாக இருந்தால் தண்ணீரைத் தடுக்காது; இறுக்கினால் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரல்களை வீங்கவைக்கும்.

இங்கே பலர் மறப்பது எண்ணெய்க் குளியலை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தபின் தொடையில் டேப் ஒட்டவே ஒட்டாது. முதலில் டேப், அப்புறம் தலைக்கு மட்டும் எண்ணெய். வயதானவர்களின் மெல்லிய தோலில் டேப்பைப் பிய்த்தால் தோலே கிழியும்; அவர்களுக்கு ரப்பர் வளையத்தோடு வரும் ஆயத்த உறை நல்லது. முழங்காலுக்குக் கீழே என்றும் முழுக்கால் என்றும் தனித்தனி அளவு உண்டு, பார்த்து வாங்குங்கள்.

காலைத் தொங்கவிட்டுக் குளிப்பது

எவ்வளவு நன்றாகப் பை கட்டினாலும், நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றியபடி சொம்பில் மொண்டு ஊற்றினால் தொடையில் வழியும் தண்ணீர் நேராகப் பையின் வாய்க்குத்தான் போகும். குதிகால் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அப்போது தண்ணீர் இடுப்புப் பக்கமாகத் திரும்பி ஓடிவிடும்.

நம் வீட்டுக் குளியலறைகள் சின்னவை. நாற்காலியை உள்ளே வாசலை ஒட்டிப் போட்டு, காலை மட்டும் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து நீட்டிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்த முடியாதுதான், ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிடலாம். வாளி நல்ல கால் பக்கம் இருக்கட்டும். முதல் வாரம் இதுகூட வேண்டாம், ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டால் போதும்.

கழிவறையை மறந்துவிடுவது

குளிக்காதவர்களுடைய கட்டு நனைவது பெரும்பாலும் இங்கேதான். முழங்காலை மடக்க முடியாமல் காலை முன்னால் நீட்டி வைத்திருப்பார்கள். தரை எப்போதும் ஈரம், குதிகால் அந்த ஈரத்திலேயே கிடக்கும். கழுவும்போது மக்கிலிருந்தும் குழாயிலிருந்தும் தெறிக்கும். ஒரு தடவை தெறிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஆறு வாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போவதற்கு முன் யாராவது தரையைத் துடைத்துவிட வேண்டும். பாதத்துக்கு ஒரு பை, அந்த நேரத்துக்கு மட்டும். நல்ல கால் பக்கமிருந்து, பின்புறமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கட்டு தொடைவரை இருந்தால் மேல் விளிம்பில், கவட்டுப் பக்கம், சிறுநீரும் தண்ணீரும் ஊறும். அந்த விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் டேப்பால் மடித்து ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், கட்டுப் போடும்போதே செய்துதருவோம்.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகளில், அது காய்வதற்குள் ஊன்றுகோலோடு அந்த வழியே போகாதீர்கள். குதிகால் நனைவது ஒரு பக்கம், ஊன்றுகோல் வழுக்குவது இன்னொரு பக்கம்.

மழைக்காலம் முழுக்கக் கவரைக் கழற்றாமல் இருப்பது

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது. பாலிதீனுக்குள் கால் வியர்க்கும், வியர்வை போக இடமில்லாமல் பஞ்சில் ஏறும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டுப் படாமலே கட்டு உள்ளேயிருந்து நனைந்துவிடும். வெளியே கிளம்பும்போது மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். தூங்கும்போது கண்டிப்பாக வேண்டாம்.

மழையில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வருவதென்றால், பின் இருக்கையில் குறுக்காக உட்கார்ந்து காலை இருக்கையின் மேலேயே நீட்டிக்கொள்ளுங்கள். திரை எவ்வளவு இழுத்து மூடினாலும் ஓரத்தில் சாரல் அடிக்கும், பாதத்துக்குப் பை இருக்கட்டும். இருசக்கர வண்டி வேண்டாம்.

தேங்கிய தண்ணீரில் இறங்குவது

சென்னையில் ஒரு நாள் நன்றாகப் பெய்தால் போதும், தெருத் தண்ணீரில் சாக்கடையும் கலந்துவிடும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும். நாற்காலியில் தூக்கிச் செல்ல ஆள் இல்லையென்றால் அன்றைய ரிவ்யூவைத் தள்ளிப்போடுங்கள், போன் செய்து சொன்னால் போதும். அந்தத் தண்ணீர் கட்டுக்குள் போய்விட்டால் அன்றைக்கே கட்டை மாற்றியாக வேண்டும்.

சிலாப்பைப் பிரித்துக் குளித்துவிட்டுத் தாங்களே சுற்றிக்கொள்வது

செய்யாதீர்கள். எலும்பு நகரும்.

ஹேர் டிரையரில் சூடான காற்று

தோல் வெந்துவிடும். விளிம்பில் லேசான ஈரம் என்றால் குளிர்ந்த காற்று மட்டும்.

ஈர்க்குச்சி, பவுடர், எண்ணெய்

அரிப்பு என்று ஈர்க்குச்சியை உள்ளே விட்டால் ஊறிய தோல் கிழியும். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும். நாட்டு வைத்தியக் கட்டில் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டிலும் ஊற்றுகிறார்கள். மாவுக்கட்டில் ஊற்றவே கூடாது.

நனைந்ததை மறைத்து அடுத்த ரிவ்யூவரை காத்திருப்பது

"திட்டுவாங்க" என்று பயந்து வராமல் இருப்பவர்கள் நிறையப் பேர். திட்டினாலும் வாருங்கள். அன்றே வந்தால் கட்டை மாற்றிவிடலாம், தோல் தப்பிக்கும். ஒரு வாரம் கழித்து வந்தால் அந்த மாணவனின் நிலைமைதான்.

இரவில் நனைந்துவிட்டால் காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வையுங்கள், ஃபேனுக்கு அடியில் இருங்கள், வெளியே இருக்கும் ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். மாவுக்கட்டு இளகியிருந்தால் அந்தக் காலை ஊன்றவே வேண்டாம். வீட்டுக் கத்தியால் அறுக்க முயலாதீர்கள். விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ மாறினால், மரத்துப்போனால், விரலை மெதுவாக நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். காய்ச்சலோ, கெட்ட வாடையோ, கட்டின்மேல் புதிதாகக் கறையோ இருந்தாலும் அன்றே வர வேண்டும்.

வரும்போது பழைய எக்ஸ்ரேயையும் சீட்டையும் எடுத்துவாருங்கள். எப்போது நனைந்தது, எந்தத் தண்ணீர், எந்த விளிம்பு வழியாக உள்ளே போனது என்று சொன்னால், கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டுமா, அந்த இடத்தில் மட்டும் ஜன்னல் வெட்டிப் பார்த்தால் போதுமா என்று மருத்துவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.