ஹெய்ட்டியிலிருந்து குடிபெயர்ந்த ஓவியரின் கண்காட்சியைப் பார்க்கும் முறை

மயாமியின் லிட்டில் ஹெய்ட்டி போன்ற பகுதியில், குடிபெயர்ந்த ஹெய்ட்டி ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்குச் செல்லும்போது, திரை நட்சத்திரங்களும் கால்பந்து வீரர்களும் நிறைந்த ஓவியங்களை புகழ்பெற்ற முகங்களையும் விளம்பரப் படங்களையும் கருப்பொருளாக்கும் அமெரிக்க பாப் கலையின் சாயல் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களில் ஓடும் 'தாப்-தாப்' என்ற பயணிகள் வண்டிகளில் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் விவிலியக் காட்சிகளும் நெடுங்காலமாகவே அருகருகே தீட்டப்பட்டு வருவதால், முதலில் அந்த வண்டிகளின் நிழற்படங்களைப் பார்த்துவிட்டு, நிறங்களையும் எழுத்துகளையும் ஓவியத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு, புகழ்பெற்ற முகத்தைச் சுற்றியுள்ளவற்றைக் கவனியுங்கள். இதயச் சின்னம், ஹெய்ட்டி மக்களின் வோடூ சமயத்தில் காதல் தெய்வமான எர்சுலியைக் குறிக்கக்கூடும். பளபளக்கும் புள்ளிகள் ஜிகினா தைத்த வோடூ கொடிகளை நினைவூட்டலாம். ஓவியர் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் என்பது என் உறுதியான கருத்து. 1944-இல் தொடங்கப்பட்ட சாந்த்ர் தார் கலை மையத்தின் வழியே அறியப்பட்ட ஹெய்ட்டி ஓவியர் எக்தோர் இப்போலித்தின் ஓவியங்களையும் முன்னதாகப் பார்த்துச் செல்வது நல்லது.