பல்லராட்டில் கல்லைப் படிப்பது எப்படி

ஊரிலிருந்து யார் மெல்பர்னுக்கு வந்தாலும், அதே விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் பழைய தங்க வேட்டை ஊரான பல்லராட்டுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். முதல் மூன்று தடவையும் நேராக சாவரின் ஹில்லுக்குப் போனோம். டிக்கெட், பழைய காலத்து உடுப்பில் ஆட்கள், ஓடையில் தட்டை அலசினால் இரண்டு பொன்துகள், போட்டோ, வீடு. குழந்தைகள் இருந்தால் கட்டாயம் போங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அது தங்க வேட்டைக் காலத்தைத் திரும்பக் கட்டி 1970இல் திறந்த இடம். அசல் ஊர் பக்கத்திலேயே கிடக்கிறது.

நாலாவது தடவை அப்பா வந்தார். கல்லில் நாலு எழுத்து இருந்தால் முழுக்கப் படிக்காமல் நகரமாட்டார். அவரோடு சுற்றிய வரிசையைத்தான் இப்போது எல்லோருக்கும் காட்டுகிறேன்.

கிளம்பும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும். 1851இல் இங்கே தங்கம் கிடைத்தது. தோண்டுகிறவன் மாதம் 30 ஷில்லிங் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். குழியில் தங்கம் வந்தாலும் வராவிட்டாலும். இதை எதிர்த்துத் தோண்டுகிறவர்கள் 1854 நவம்பர் கடைசியில் பேக்கரி ஹில் என்ற மேட்டில் நீலக் கொடி ஏற்றி உறுதிமொழி எடுத்தார்கள், யுரேகா என்ற தோண்டும் இடத்தில் கட்டைகளை அடுக்கித் தடுப்பு போட்டார்கள். டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலையில் அரசுப் படை உள்ளே புகுந்தது. சண்டை அரைமணிகூட நீடிக்கவில்லை.

காரில் போனால் முதலில் பழைய கல்லறைத் தோட்டம். விருந்தாளியை முதலில் அங்கேயா கூட்டிப்போவது என்று அம்மா முகம் சுளித்தார். போகத்தான் வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். மேகமாக இருந்தால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கல் கெட்டுப்போகும்.

இங்கே இரண்டு நினைவுச் சின்னங்கள். தோண்டியவர்களுடையது 1856இலேயே வந்துவிட்டது. விக்டோரியா அரசின் சட்டத்துக்குப் புறம்பான செய்கைகளை எதிர்த்து விழுந்தவர்கள் என்று அதில் இருக்கிறது. சண்டை நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அரசைப் பெயர் சொல்லிக் கல்லில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள்! படைவீரர்களுக்கான கல் அதற்குப் பல வருடம் கழித்து எழுந்தது. கேப்டன் ஹென்றி வைஸ் முதலானோர் கடமையில் உயிர்விட்டார்கள் என்கிறது. யாரைத் தாக்கும்போது? கொடுங்கோன்மை என்று தாங்கள் கருதிய நிர்வாகத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்த, மனக்குறை கொண்ட தோண்டுநர்களை. அந்தக் 'கருதிய' என்ற சொல்லின் முன்னால் அப்பா ஐந்து நிமிடம் நின்றார். "எழுதினவன் கெட்டிக்காரன்மா, ரெண்டு பக்கமும் பகைச்சுக்கல" என்றார்.

அதே சூட்டோடு யுரேகா பூங்காவுக்குப் போங்கள், ஊரின் கிழக்குப் பக்கம். அங்குள்ள 1880களின் நினைவுச் சின்னம் ஒரே கல்லில் இரு தரப்பையும் சேர்த்துக்கொள்கிறது: சுதந்திரத்துக்காக விழுந்த முன்னோடிகள், கடமை அழைத்து விழுந்த வீரர்கள். தடுப்பு இருந்த சரியான இடம் இதுதானா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அதனால் 'இதே மண்ணில்தான்' என்று விருந்தாளியிடம் அடித்துச் சொல்லாதீர்கள்.

பக்கத்திலுள்ள யுரேகா சென்டரில் அந்தக் கொடி இருக்கிறது. நீலக் கம்பளித் துணியில் வெள்ளைச் சிலுவை, ஐந்து நட்சத்திரம். ஞாபகார்த்தமாக ஆளாளுக்குத் துண்டு வெட்டிக்கொண்டு போனதில் மிஞ்சியதுதான் நாம் பார்ப்பது. அறை இருட்டாக இருக்கும். கண் பழகும் வரை பொறுங்கள்.

பிறகு ஸ்டர்ட் தெரு. நடுவில் வரிசையாகச் சிலைகள். பீட்டர் லாலர் மட்டும் போதும். உறுதிமொழி சொல்லிக்கொடுத்தவர், சண்டையில் இடது கையை இழந்தவர். அவரைப் பிடித்துத் தருகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தது அரசு. பின்னால் அதே விக்டோரியாவின் சட்டசபைக்கு சபாநாயகரானார். 1893இல் வைத்த சிலை என்பதால் கிளர்ச்சிக்காரர் கோலத்தைத் தேடாதீர்கள், கனவான் கோலம்தான்.

லிடியார்ட் தெருவில் பங்கு கைமாறிய மைனிங் எக்ஸ்சேஞ்ச், கிரெய்க்ஸ் ஹோட்டல், ஆர்ட் கேலரி எல்லாம் அடுத்தடுத்து. தலையை நிமிர்த்தி மேல்மாடி முகப்பைப் பாருங்கள். பணம் எங்கே போனது என்று தெரியும். ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலே இந்தத் தெருதான், இங்கிருந்து தொடங்கலாம்.

கால் வலிக்காவிட்டால் மேர் தெருவும் ஹம்ப்ரே தெருவும் சேரும் மூலைப்பக்கம் போங்கள். 1858 ஜூன் 9 அன்று 69 கிலோ தங்கக்கட்டி வெளியே வந்தது அங்கேதான். 'வெல்கம் நகெட்' என்று பெயர் வைத்து, கடைசியில் லண்டனில் உருக்கிவிட்டார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கார்கள்தான் போய்க்கொண்டிருக்கும். அப்பா அங்கேயும் சாலையைக் கடந்து கல்லைத் தேடிப் போனார். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், மெல்பர்னைவிட இங்கே குளிர் ஒரு பிடி அதிகம்.