வாசிக்கிற கைக்கு வைத்தியம் தேடுகையில் விடும் பிழைகள்

நல்லூர்த் திருவிழா நெருங்கினால் கை நோவோடு திரியும் தவில், மிருதங்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஓய்வெடு, ஒத்தடம் கொடு என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. சரியான வைத்தியரிடம் போய்ச் சேருமுன் விடும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

"தையல் போட்டாச்சு, ஆறிவிடும்"

உடைந்த போத்தலோ மீன் கத்தியோ விரலின் உட்பக்கத்தைக் கீறிவிடும். பக்கத்தில் எங்கேயாவது மூன்று தையல், ஒரு கட்டு. தையல் பிரித்த பிறகுதான் வயலின் பிள்ளைக்கு விளங்கும், விரல் நுனி தந்தியில் மடங்கவில்லை என்று. தோல் அழகாக ஆறியிருக்கும். உள்ளே தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்கும் கயிறு, அறுந்தபடியே கிடக்கும். கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும் என்பதால்தான் இந்தப் பிழை இத்தனை எரிச்சல் தருகிறது.

விரலின் நடு மூட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நுனி மூட்டை மட்டும் மெல்ல மடக்கச் சொல்லுங்கள். மடங்காவிட்டால் ஆழத்து நாண் அறுந்திருக்கலாம். பலமாக மடக்க வைக்காதீர்கள். பாதி அறுந்தது முழுதாக அறும். நுனியின் இரு ஓரங்களையும் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், அதுவும் விறைப்பூசி போடுமுன். ஊசி ஏறிய பிறகு எல்லா விரலும் மரத்த விரல்தான்.

அறுந்த நாண் உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கிப் போகும். சில நாட்களுக்குள் என்றால் முனைகளை நேராகத் தைக்கலாம். சில வாரம் கடந்தால் வேறிடத்து நாணை எடுத்துப் பொருத்தவேண்டி வரலாம், சிலருக்கு இரண்டு சத்திரசிகிச்சை. ஆகவே அன்றைக்கே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரோ எலும்பியல் நிபுணரோ பார்க்கவேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள், என்ன வாத்தியம் என்பதையும் சேர்த்து. தைத்த பிறகு பாதி வேலை இயன்மருத்துவரிடம்: ஸ்பிளின்ற் (விரலைத் தாங்கும் அணை) போட்டபடி ஆரம்பத்திலேயே அளவான பயிற்சி, பலம் கொடுத்து வாசிப்பது ஏறத்தாழ 12 வாரத்துக்குப் பிறகு. ஆறாம் வாரம் 'சும்மா ஒரு வர்ணம்' என்று தொடங்கி, தைத்ததை அறுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

வாத்தியம் இல்லாமல் கிளினிக் போவது

வெறுங்கையைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. வயலினையும் வில்லையும் கொண்டுபோங்கள். தவில் என்றால், முன்னாலும் பக்கவாட்டிலும் இருந்து எடுத்த இரண்டு நிமிட வீடியோ போதும். நோவே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருள்கிறதா? அது டிஸ்ரோனியாவாக, அதாவது தசை தன்பாட்டில் இறுகும் நரம்புக் கோளாறாக இருக்கலாம். பார்க்கவேண்டியவர் நரம்பியல் நிபுணர். சாதகத்தைக் கூட்டி அதைத் திருத்த நினைத்தால் இன்னும் முற்றும்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை"

சைக்கிளால் விழுந்து கையூன்றிய பிறகு, பெருவிரல் அடிக்குழியை அமத்தினால் நோகிறதா? அங்கேயுள்ள சிறு எலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். மணிக்கட்டை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கவேண்டும். அதுவரை எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள்.

கச்சேரிக்கு முன் நோக்குளிசை

வேண்டாம்.

"லண்டனில் இதுக்கெண்டே டொக்டர்மார் இருக்கினம்"

இருக்கினம்தான். பாபாம் (BAPAM) என்ற அமைப்பு 1984 முதல் கலைஞர்களின் உடல்நலத்தைப் பார்க்கிறது, ஆனால் பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு. அங்கே வாசிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இங்கே விரல் அறுந்தவர் அதை நம்பி ஒரு நாளும் பொறுத்திருக்கக் கூடாது.