பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து நழுவிய பொருளைத் தரையிலிருந்து பார்ப்பது எப்படி?

2023 நவம்பர் 1 விண்நடையில் நழுவிய கருவிப் பை, வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையான பொலிவெண் (வான்பொருளின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்) 6-ஐ ஒட்டி ஒளிர்ந்தது. இப்படிப்பட்டவற்றுக்கு 10×50 பைனாகுலரும் முக்காலியும் போதும். தொலைநோக்கி வேண்டாம், அதன் பார்வைப் பரப்பு மிகச் சிறியது.

நிலையத்திலிருந்து நழுவிப் பதிவேட்டில் ஏறியவை 1998-067 என்ற எண்ணோடு வேறு எழுத்துகள் சேர்த்துப் பதிவாகும். செலஸ்ட்ராக் இணையதளத்தில் அந்தப் பொருளின் டிஎல்இ தரவை (சுற்றுப்பாதையைச் சொல்லும் எண்கள்) எடுத்து, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஏற்றுங்கள். தரவு புதிதாக இருக்க வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எடை குறைந்த பொருளைக் காற்று வேகமாகக் கீழே இழுக்கும். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடிவதால், பழைய தரவு சொல்லும் நேரத்துக்கு முன்பே அது கடந்துபோயிருக்கும். பிரிந்த முதல் சில வாரங்களில் நிலையத்துக்குச் சில நிமிடம் முன்னால், ஏறக்குறைய அதே தடத்தில் வரும். மாதங்கள் போனால் தடமே விலகிவிடும்.

அந்தி மங்கிய பிறகோ விடியலுக்கு முன்போ, நிலாவெளிச்சம் இல்லாத நாளாகப் பாருங்கள். பொருளைத் துரத்தாதீர்கள். அது தலைக்கு மேல் நொடிக்கு ஒரு டிகிரி ஓடும், பைனாகுலரில் ஆறேழு நொடிதான் தங்கும். தடத்தையொட்டி, 50 டிகிரி உயரத்தில் ஒரு விண்மீனைத் தேர்ந்து அங்கேயே முக்காலியைப் பூட்டி, அது அங்கே வரும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பிருந்தே கண்ணை எடுக்காமல் காத்திருங்கள். உருண்டுகொண்டே போவதால் ஒளி கூடிக் குறையலாம். சட்டென மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று பொருள்.