தாத்தா பெட்டியில் கிடைத்த போட்டோவிலிருந்து ஒரு கடற்படை அதிகாரியைத் தேடுவது எப்படி?

என் தாத்தா சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான செம்பவாங் நேவல் பேஸில், அதிகாரிகளின் மெஸ்ஸில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு போட்டோ இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது, சீருடை போட்ட வெள்ளைக்காரப் பையன், பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது. பின்பக்கம் பென்சிலில் "ரிபல்ஸ், டிசம்பர் 1941" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். குடும்பப் பெயரை மட்டும்தான் படிக்க முடிந்தது. ரிபல்ஸ் என்பது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்.

"கப்பல் மூழ்கின அன்றைக்கு ராத்திரி, உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்து இறங்கினவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன். அந்தத் தம்பி இல்லை" என்று தாத்தா சொல்வார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் நான் தேட ஆரம்பித்தேன். நான் போன வழியையே கீழே எழுதுகிறேன். அந்த அதிகாரியின் குடும்பம் இன்னும் இருக்கிறது, ஆகவே பெயரை மட்டும் சொல்லவில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்று. எடுத்த எடுப்பில் பணிக்கோப்பு கேட்டு லண்டனுக்கு எழுதாதீர்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்பதுதான் அதில் பெரும்பாலும் இருக்கும். அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதைக் கப்பலின் காகிதங்கள்தான் சொல்லும். கப்பலைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைப்பார்.

முதல் படி: போட்டோவைப் படியுங்கள்

இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், மங்கிய பென்சில் எழுத்து திரையில் பெரிதாக்கும்போது தெளிவாகும். அப்புறம் சீருடையைக் கவனியுங்கள். காலரில் சின்ன வெள்ளைப் பட்டை இருந்தால் அவர் ராயல் நேவியின் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சியில் இருக்கும் இளம் அதிகாரி. ரிசர்வ் பிரிவுக்கு அது நீலம், தன்னார்வ ரிசர்வுக்குக் கருஞ்சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த இரண்டும் பெரும்பாலும் கருமையாகத் தெரியும், வெள்ளை மட்டும் பளிச்சென்று நிற்கும். என் போட்டோவில் வெள்ளை.

மிட்ஷிப்மேனுக்கு மேற்பட்ட பதவி, அதாவது சப் லெஃப்டினன்ட்டும் அதற்கு மேலும் என்றால் கைப்பட்டையைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் ராயல் நேவி, சங்கிலிபோல் பின்னியிருந்தால் ரிசர்வ், அலைபோல் நெளிந்திருந்தால் தன்னார்வ ரிசர்வ். 1934-இல் இங்கே தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தன்னார்வக் கடற்படை ரிசர்வும் இந்தக் கடைசி வகைதான்.

உங்கள் தாத்தாவே ராயல் இந்தியன் நேவியில் இருந்தவர் என்றால் பாதை கொஞ்சம் மாறும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் பதிவுகளிலும் தேடத் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கப்பலின் நாட்களைக் குறியுங்கள்

ஒரு தாளில் தேதி வரிசை போடுங்கள். என் தாளில் இவ்வளவுதான்: 1941 டிசம்பர் 2, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற போர்க்கப்பலும் ரிபல்ஸும் சிங்கப்பூர் வந்தன. டிசம்பர் 8 மாலை புறப்பட்டன. டிசம்பர் 10, மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. ஆக, போட்டோ தாத்தா கைக்கு வந்தது அந்த ஒரு வாரத்துக்குள்தான்.

மூன்றாம் படி: உள்ளூர்ப் பத்திரிகைகள்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் கால ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸைத் தேடிப் படிக்கலாம். இங்கேதான் நான் ரொம்ப நேரம் தடுமாறினேன். டிசம்பர் முதல் வாரத்தில் 'ரிபல்ஸ்' என்று தேடினால் எதுவும் அகப்படவில்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது: போர்க்காலத் தணிக்கை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் வந்ததைப் பெரிதாக அறிவித்தவர்கள், ரிபல்ஸின் பெயரை வெளியே விடவில்லை. "மற்றக் கனரகக் கப்பல்கள்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். மூழ்கிய பிறகுதான் அந்தப் பெயர் வெளியே வந்தது.

ஆகவே போர்க்காலப் பத்திரிகையில் கப்பல் பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். தேதியைக் குறுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிப்பதும் உண்டு, அதனால் ஓரிரு எழுத்தை மாற்றிப் போட்டும் பாருங்கள்.

நான்காம் படி: இறந்தாரா, பிழைத்தாரா?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் குடும்பப் பெயர், கடற்படை, இறந்த ஆண்டு மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில் நேரில் போய்ப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கிராஞ்சிச் சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தாலும், அவை பெரும்பாலும் தரைப்படை, விமானப்படை வீரர்களுடையவை. கடலோடு போன பிரிட்டிஷ் கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தில் பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் ஆகிய ஊர்களின் நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. ரிபல்ஸில் மட்டும் 513 பேர் இறந்தார்கள். அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். நம் பையன் அதில் இல்லை.

ஆனால் ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. நான் கையெழுத்தைத் தப்பாகப் படித்திருக்கலாமே.

ஐந்தாம் படி: நேவி லிஸ்ட்

அதிகாரிகளைத் தேட இதைவிட நல்ல கருவி இல்லை. பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகள் அனைவரையும் அச்சிட்ட பட்டியல் இது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் போர்க்கால இதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெயர், பதவி, அந்தப் பதவிக்கு வந்த தேதி எல்லாம் இருக்கும். போர்க்கால ரகசியப் பதிப்புகளில் கப்பல் வாரியாகவும் பார்க்கலாம்.

ஒரே இதழைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அச்சேறத் தாமதமாகும் என்பதால், இறந்தவர் பெயர்கூடக் கொஞ்ச நாள் நீடிக்கும். முன்னும் பின்னுமாகப் பல இதழ்களை வரிசையாகப் பாருங்கள். 1941-இல் மிட்ஷிப்மேன் வரிசையில் அந்தக் குடும்பப் பெயரைக் கண்டேன். 1943 இதழில் அதே பெயர், அதே முதலெழுத்துகள், சப் லெஃப்டினன்ட், வேறு கப்பல். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. தாத்தா படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாம் படி: கப்பலின் காகிதங்கள்

லண்டன் அருகே கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' அட்டவணையில் தேடுங்கள். கடற்படைக் கோப்புகள் ஏ, டி, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ஏடிஎம் 53 கப்பல் நாட்குறிப்புகள், ஏடிஎம் 199 போர் நடவடிக்கை அறிக்கைகள். மூழ்கிய கப்பலின் அந்த மாத நாட்குறிப்பு கப்பலோடே போயிருக்கும், அதனால் நமக்கு 199-தான் முக்கியம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் லண்டன் கெஜட்டைத் திறக்கலாம். இந்த இரண்டு கப்பல்களின் இழப்பு பற்றிய அதிகாரபூர்வ அறிக்கை 1948-இல் அதில் வெளியானது, வீட்டிலிருந்தே படிக்கலாம்.

நேரத்தைக் குறிக்கும்போது கவனம். அப்போது சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி முன்னே இருந்தது, இன்றைக்கு எட்டு. ஜப்பானியக் குறிப்புகள் டோக்கியோ நேரத்தில் இருக்கும். ரிபல்ஸ் மூழ்கியது 12.33 என்றால் அது அன்றைய உள்ளூர்க் கணக்கு.

எலெக்ட்ரா, வாம்பயர் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் ரிபல்ஸின் ஆட்களைக் கடலிலிருந்து தூக்கி நேவல் பேஸுக்குக் கொண்டுவந்தன. தாத்தா நின்ற இடத்துக்கு வந்தது எது, பையன் இருந்தது எதில் என்று எந்தக் காகிதமும் எனக்குச் சொல்லவில்லை.

ஏழாம் படி: நம் ஊர்க் குரல்கள்

கெனிங் ரைஸில் இருக்கும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைக் கட்டாயம் கேளுங்கள். 1979 முதல் பதிவு செய்கிறார்கள், தமிழிலும் உண்டு. பல பேட்டிகளை வீட்டிலிருந்தே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். அதிகாரிகளின் பெயர் லண்டன் காகிதங்களில் இருக்கிறது. அவர்களுக்குச் சோறு போட்டவர்கள், துணி வெளுத்தவர்கள் அங்கே இல்லை. அவர்களை இங்கேதான் கேட்க முடியும்.

கடைசிப் படி: பணிக்கோப்பும் குடும்பமும்

இப்போது பணிக்கோப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதிகாரி இறந்து 25 ஆண்டு ஆகவில்லை என்றால், உறவினர் சம்மதம் இல்லாமல் கொஞ்ச விவரம்தான் தருவார்கள். அதனால் குடும்பத்தைத் தேடிப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். மிட்ஷிப்மேன்கள் கட்டாயம் எழுதிய ஜர்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு கப்பலை விட்டு இறங்கும்போதும் கேப்டன் எழுதிக் கொடுக்கும் மெல்லிய நன்னடத்தைச் சீட்டையும் கேளுங்கள், பலர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். கிடைக்கும் ஒவ்வொரு நகலிலும் காப்பகம், கோப்பு எண், பக்கம், பார்த்த தேதி நான்கையும் உடனே எழுதிவிடுங்கள்.

நான் ஸ்கேனின் இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன். முன்பக்கப் படம் அவர்கள் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறதாம். பின்பக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.