பில் இல்லாத டீசல்: எரிபொருளில் மிச்சம் பிடிக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

நாமக்கல் பக்கம் டீசல் எஞ்சினின் பம்ப், எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் இவற்றில் வேலை பார்க்கிறவன் நான். லாரிகளோடு தொடங்கிய தொழில். இப்போது பட்டறை வாசலில் பாதிக்குப் பாதி கார்கள்தான் நிற்கின்றன. புதிதாகக் கார் வாங்கியவர்கள் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எங்கண்ணா போட்டா விலை குறைச்சல்?" கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு யார் யாரோ சொல்லும் பதிலை நம்பி, நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எல்லோரும் செய்த அதே கோளாறுகளை இவர்களும் செய்கிறார்கள். அன்றைக்கு அதற்கு ஆன செலவு நூறு என்றால் இன்றைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது.

டீசல் காரில் பெட்ரோல் ஊற்றுவது, மீட்டரில் சைபர் பார்க்காமல் போன் பேசிக்கொண்டு நிற்பது இதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. விட்டுவிடுகிறேன்.

சாதா பெட்ரோலை மட்டமான சரக்கு என்று நினைப்பது

பெட்ரோலுக்கான கலால் வரி அறிவிக்கையிலேயே இரண்டு பிரிவு உண்டு. பிராண்டு பெயரோடு விற்பது ஒன்று, பெயரில்லாமல் விற்பது மற்றொன்று. பெயரில்லாததற்கு வரி சற்றுக் குறைவு. பங்க்கில் "சாதா போடுங்க" என்று நாம் கேட்பது அந்தப் பெயரில்லாத வகைதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். வகுத்த தரம் அதற்கும் முழுசாகப் பொருந்தும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற எரிபொருள்தான் விற்க வேண்டும். கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. சாதாவுக்கும் அதே கணக்கு.

ஸ்பீடு, பவர், எக்ஸ்பி95 என்று கூடுதல் விலைக்கு விற்பவற்றில் இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைக்கும் ரசாயனம் சேர்ந்திருக்கும். சிலவற்றில் ஆக்டேன் எண்ணும் கூடுதல். ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு தட்டுவதை, தாங்குகிற அளவு. அதற்கும் வண்டியின் இழுவைக்கும் நேரடி உறவு கிடையாது. அதிக அழுத்தத்தில் ஓடும் எஞ்சினுக்கு அது தேவை, சாதாரண ஹேட்ச்பேக்குக்கு வீண். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 கொண்டுவந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அதை வேகன் ஆரில் ஊற்றிவிட்டு "வண்டி பறக்குதுண்ணா" என்றால் நான் என்ன சொல்வது? டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ என்ன ஆக்டேன் போட்டிருக்கிறதோ அது போதும்.

எந்தக் கம்பெனி பங்க் நல்லது என்று கட்சிக்காரர்கள் மாதிரி சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று சரக்கை வாங்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். மணலி சுத்திகரிப்பு ஆலையில் எடுத்த பெட்ரோல் மூன்று நிறப் பலகைக்குக் கீழும் விற்கப்படலாம். கம்பெனியைவிட அந்த பங்க்கை நடத்துகிற ஆளைப் பாருங்கள்.

பாண்டிச்சேரி பெட்ரோலைச் சந்தேகப்படுவது

அங்கே வாட் வரி குறைவு. காரைக்காலிலும் மாஹேயிலும் அப்படியே. விலை குறைந்ததற்குக் காரணம் வரி. சரக்கு அதே சரக்குதான். அந்தப் பக்கம் போனால் டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள். அதற்கென்றே விழுப்புரத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போனால் மிச்சம் பிடித்தது வழியிலேயே எரிந்துவிடும்.

கேன் டீசல்

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

லாரி ஸ்டாண்டிலும் நெடுஞ்சாலை தாபாக்களின் பின்பக்கத்திலும் கேனில் டீசல் விற்கிறார்கள். பங்க் விலையைவிடப் பத்துப் பதினைந்து ரூபாய் குறைச்சல். அது வரும் வழி மூன்று. டிரைவர் முதலாளிக்குத் தெரியாமல் லாரி டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்தது ஒன்று. மீன்பிடி விசைப்படகுகளுக்கு வரிவிலக்கோடு தரும் டீசல் கரையிலேயே கைமாறி வருவது இரண்டாவது. மண்ணெண்ணெயும் ஏதேதோ தொழிற்சாலை எண்ணெயும் சேர்த்துக் கலக்கியது மூன்றாவது. முதல் இரண்டும் டீசல்தான், ஆனால் திருட்டுச் சரக்கு. கேனிலும் ஓசிலும் மண்ணும் தண்ணீரும் இருக்கும். மூன்றாவதை "லாரியில எடுத்ததுங்க" என்று சொல்லித்தான் விற்பார்கள்.

மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், செகண்ட் ஹேண்ட் கார். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, மேட்டில் பிக்கப் இல்லை என்றான். ஸ்கேனர் போட்டால் ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம், குறைவு என்று காட்டுகிறது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடியில் பளபளவென்று உலோகத் தூள்.

"டீசல் எங்க தம்பி போடற?"

"பங்க்லதானுங்ணா."

ஃபில்டரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"எங்க மாமா லாரி வெச்சிருக்காருங்ணா. முப்பது வருசமா இந்த ஆளுகிட்டத்தான் வாங்கறாரு. லாரிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான். மாமா பொய் சொல்லவில்லை. அவருடைய பழைய லாரியில் இருந்தது மைக்கோ பம்ப், சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பகுதி) என்று வரிசையாக வைத்த பழைய வகை. அந்த வரிசைப் பம்ப்பின் கேம் ஷாஃப்டுக்கு எஞ்சின் ஆயிலே மசகு எண்ணெய். இன்ஜெக்டரின் நுனியான நாசில் திறக்கும் அழுத்தம் இருநூறு பார் சொச்சம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் புகை தள்ளும், இழுவை குறையும், வண்டி ஓடும். தேய்ந்தால் எங்களிடம் கொண்டுவந்து எலிமென்ட் மாற்றிக்கொண்டு போவார்கள்.

தம்பியின் காரில் இருப்பது காமன் ரெயில் எஞ்சின், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அது வேறு ஜாதி. அழுத்தம் 1,400 பாரில் தொடங்கி 2,000 பார் வரை போகிறது. இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மைக்ரானில்தான் அளக்க முடியும். முக்கியமான சங்கதி, உயரழுத்தப் பம்ப்புக்கு வழவழப்பைத் தருவதே அதன் வழியாக ஓடும் டீசல்தான். தனியாக ஆயில் கிடையாது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. பம்ப்புக்குள் உலோகம் உலோகத்தோடு உரசி, அந்தத் தூள் ரெயிலுக்குப் போய், நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போய், ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப டேங்குக்கே வந்து சேரும். அங்கிருந்து மறுபடி பம்ப்புக்கு.

"ஒரு இன்ஜெக்டர் மட்டும் மாத்திக் குடுங்ணா, மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றான் தம்பி. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். லைனில் தூள் மிச்சம் இருக்கும்போது புது இன்ஜெக்டர் போட்டால் அதுவும் போய்விடும். பம்ப், நான்கு இன்ஜெக்டர், ரெயில், பைப், டேங்க் எல்லாவற்றிலும் கை வைக்காமல் தீராது. காரைப் பொறுத்து எண்பதாயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்க் 40 லிட்டர், லிட்டருக்கு 15 ரூபாய் மிச்சம் என்றால் டேங்குக்கு 600 ரூபாய். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் அந்த 600 ரூபாய்க்கு 720 கிலோமீட்டர் ஓட வேண்டும். 80,000 ரூபாய் மிச்சமாக வேண்டுமானால் இதே டீசலில் 96,000 கிலோமீட்டர் ஒரு பழுதும் இல்லாமல் ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சேமிப்பே ஆரம்பம்.

பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். மண்ணெண்ணெய்க்கான இந்தியத் தரத்தில் கந்தகம் 0.25 சதவீதம் வரை அனுமதி, அதாவது 2,500 பிபிஎம். சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் 10 பிபிஎம்மை நம்பிச் செய்யப்பட்டவை. அதையும் சேர்த்து மாற்றும் பில்லைப் பார்த்தால் காரையே விற்றுவிடலாம் என்று தோன்றும்.

மாமாவும் புது லாரி எடுத்திருக்கிறாராம். அதுவும் காமன் ரெயில். அவர் இப்போது எங்கே டீசல் போடுகிறார் என்று தம்பியிடம் கேட்டேன். பங்க்கிலாம்!

'பயோ டீசல்' போர்டு

தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் உண்மையான பயோ டீசலை, அதாவது கலப்பில்லாத பி100-ஐ, டீசலோடு கலப்பதற்காக விற்க 2019-இல் மத்திய அரசு வழிமுறை வகுத்தது. அதைக் காட்டி, வேறு எண்ணெய்களை அந்தப் பெயரில் விற்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "இது பி100-ஆ, உரிமம் எங்கே?" பதிலுக்கு விலையைச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். உண்மையான பி100-ஆகவே இருந்தாலும் உங்கள் காருக்கு அதை நேராக ஊற்றக் கூடாது.

அடிட்டிவ் பாட்டில்

டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கும் எந்த ரசாயனப் பாட்டிலும் தேய்ந்த நாசிலைச் சரிசெய்யாது.

நின்ற வண்டியை விடாமல் செல்ஃப் அடிப்பது

பங்க்கில் போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி திணறி நின்றால், முதல் சந்தேகம் தண்ணீர். பெரிய மழைக்குப் பிறகு நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்குவது உண்டு. பங்க்காரர்கள் அளவுக்கோலில் பசை தடவி இதைப் பார்க்க வேண்டும், எல்லோரும் பார்ப்பதில்லை. இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

அதனால் சாவியை எடுத்துவிட்டுக் கட்டி இழுத்து வாருங்கள். டேங்கை இறக்கிக் கழுவினால் பெட்ரோல் காரில் பெரும்பாலும் அதோடு முடியும். டீசல் காரில் பத்து முறை செல்ஃப் அடித்திருந்தால் தண்ணீர் இன்ஜெக்டர் வரை போயிருக்கும். பிறகு மேலே சொன்ன கதைதான்.

டேங்கைக் கழுவிவிட்டுப் புகார் கொடுக்கப் போவது

கழுவிய பிறகு கையில் என்ன இருக்கிறது? ஆதாரத்தைக் கழுவும் முன்பே எடுத்து வையுங்கள். முதலில் பில். கேட்டு வாங்குங்கள். கேன் டீசல்காரனிடம் வாரண்டியும் கிடையாது, வழக்கும் கிடையாது என்பதற்குக் காரணமே அந்தத் துண்டுச் சீட்டு இல்லாததுதான். அடுத்து, டேங்கிலிருந்து எடுத்ததில் ஒரு லிட்டரைச் சுத்தமான கண்ணாடி அல்லது அலுமினியக் குப்பியில், மெக்கானிக் கண்ணெதிரே மூடி வையுங்கள். கார் கம்பெனி சர்வீஸ் சென்டர் கேட்பது இதைத்தான்.

பிறகு அன்றைக்கே பங்க்குக்குப் போங்கள். பெட்ரோல் என்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிஷத்துக்குள் கறை இல்லாமல் காய வேண்டும். டீசலுக்கு இது உதவாது. அதற்கு அடர்த்திதான்: டேங்கர் வந்தபோது பதிவேட்டில் எழுதிய எண்ணும் இப்போது அளக்கும் எண்ணும், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குக் கணக்கிட்டு மாற்றிய பின், கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைக் கேளுங்கள். 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். இதெல்லாம் கேட்கிறவருக்கு பங்க்காரர் காட்டியே ஆக வேண்டியவை. முகம் சுளித்தால், போர்டில் எழுதியிருக்கும் எண்ணெய்க் கம்பெனி விற்பனை அதிகாரியின் எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போடுங்கள். கம்பெனிகளிடம் நடமாடும் ஆய்வகம் இருக்கிறது.